கொஞ்சம் கூடுதலாய்ப் போட்ட அதிமதுரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஓர் ஆஸ்பத்திரி வாசலில், நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்காகக் காத்திருந்த வரிசையில், அது எனக்கு முன்னால் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் சுடுதண்ணிப் போத்தல். வீட்டில் காய்ச்சியது எதுவும் இந்த வார்டுக்குள் போகக்கூடாது என்று காவலாளி சிங்களத்தில் தணிந்த குரலில் சொன்னார். அவள் வாதாடவில்லை. மூடியைத் திருகி, உள்ளே இருந்ததை ஓரத்து வடிகானில் மெதுவாக ஊற்றினாள். ஆவி எழுந்தது.

"எல்லாம் நல்ல சாமான்தான் போட்டனான்" என்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் பெயர் தெரியாது. யாரைப் பார்க்க வந்தாள், போத்தலில் என்ன இருந்தது, எதுவும் தெரியாது. மீதியை நான் கட்டியிருக்கிறேன். ஆகவே இதிலுள்ள பிழைகளுக்கு அந்தப் பெண் பொறுப்பல்ல.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல்காரருக்கு ஒரு கோப்பை கஞ்சி கொண்டுபோகிறவர்களாலும், பஸ்ஸில் பிள்ளைத்தாச்சிக்கு எழும்பி இடம் விடுகிறவர்களாலும்தான் இந்த ஊர் நிற்கிறது என்று நம்பி வந்திருக்கிறேன். பெரிய காரியங்களை ஆண்டவர் தாமே பார்த்துக்கொள்கிறார், சின்னக் காரியங்களை எங்களிடம் விட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். நல்ல சாமான் போட்டுக் காய்ச்சியதையும் வடிகானில் ஊற்ற வேண்டி வருமென்றால், அந்த எண்ணத்தை என்ன செய்வது? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஐப்பசி மழை கொட்டாஞ்சேனைக் கூரைகளின் மேல் விடாமல்…"

(விட்டுவிட்டேன். மழையில் தொடங்கினால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். நானே இன்னும் முடிவு கட்டவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கர்ப்ப காலத்தின் பிற்பாதியில் இரத்த அழுத்தம் உயர்வதும், சிறுநீரில் புரதம் காணப்படுவதும், தாய்க்கும் சேய்க்கும்…"

(இது கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் இதை வாசித்துவிட்டு யாரும் ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் இருக்கமாட்டார்கள்.)

மூன்றாம் தொடக்கம்: "கொறற்றி அக்கா அதிமதுர வேரை உரலில் போட்டுத் தட்டினாள்."

இது நிற்கட்டும்.

முழுப்பெயர் மரியகொறற்றி. அந்தப் பெயர் கோயில் பதிவிலும் லைட் பில்லிலும் மட்டும் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அவள் வீடு இருந்த ஒழுங்கை முழுவதற்கும் அவள் கொறற்றி அக்கா. கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் நாளில் போடுகிற வெள்ளைச் சட்டைகளும் மணப்பெண் உடுப்புகளும் தைப்பவள். தனியாள். மேல்மாடி அறையை யோகேஸ்வரிக்கும் அவள் புருஷன் புஷ்பராஜுக்கும் வாடகைக்குக் கொடுத்திருந்தாள். இருவரும் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். புஷ்பராஜ் வெள்ளவத்தையில் ஒரு சாறிக் கடையில் நிற்கிறான். கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு யோகேஸ்வரி முழுகாமல் இருந்தாள்.

ஆறாம் மாதக் கிளினிக்கில் பிறஷர் கூட இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். உப்பைக் குறை, சீனியையும் குறை என்றார்கள். அந்த மாதமே அவளுக்குத் தொண்டைக் கரகரப்பும் வரட்டு இருமலும் தொடங்கின. பிள்ளை வயிற்றில் இருக்கையில் இங்கிலீஷ் மருந்து மேல் மருந்து போடக்கூடாது என்று கொறற்றி நினைத்தாள். கொத்தமல்லி, இஞ்சி, நாலு மிளகு, ஒரு துண்டு அதிமதுரம், அதுதான் சிங்களத்தில் வெல்மீ, எல்லாவற்றையும் தட்டிக் காய்ச்சி, பானையின் மேல் சிலுவை அடையாளம் போட்டு, படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

யோகேஸ்வரிக்கு உறைப்புத் தாங்கவில்லை. சீனி போட முடியாது. கொறற்றி யோசித்தாள். அதிமதுரம் தானாகவே இனிக்கிற வேர். அதைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சீனி தேவையில்லை. அடுத்த தடவை புறக்கோட்டைக்கு நூல் வாங்கப் போனபோது ஒரு பெரிய பொட்டலமாகவே வாங்கி வந்தாள். பிறகு காலையும் பின்னேரமும் கசாயம் இனிப்பாக இருந்தது.

இப்போதே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லித் திடுக்கிட வைப்பது எனக்குப் பிடிக்காது. அதிமதுரம் நாள்தோறும் கூடுதலாக உள்ளே போனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். கொறற்றிக்கு இது தெரியாது. இந்தக் கதையைக் கட்டப் போகும்வரை எனக்கும் தெரியாது.

3

கொறற்றி மிகவும் நல்லவளாக இருக்கிறாளோ என்று இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது.

எழுதியவரைக்கும் ஒரு நண்பருக்குக் காட்டினேன். அவளை மாமியார் ஆக்கிவிடுங்கள், வாசிப்பவர்கள் நிம்மதியாகக் கோபப்படுவார்கள் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நிம்மதியை நான் உங்களுக்குத் தர விரும்பவில்லை.

அவளுக்கு ஒரு குறை வைத்துப் பார்த்தேன். புறணி பேசுகிறவள் என்று ஒரு பந்தி எழுதினேன், ஒட்டவில்லை. தையற்காரிக்கு ஊரிலுள்ள இடுப்பளவெல்லாம் தெரியும். கலியாணத்துக்கு முதல் கிழமை அவசர அவசரமாக இடுப்பைத் தளர்த்திக் கொடுத்த உடுப்புகளும் அவள் கையால் போயிருக்கின்றன. ஒரு சொல் வெளியே வந்ததில்லை. (அந்தப் பந்தியை அடித்துவிட்டேன்.)

உண்மையான குறை ஒன்று தானாகவே வந்தது. தம்ளர் வெறுமையாகும்வரை கொறற்றி அறைவாசலில் நிற்பாள். "நல்லா இருக்குங்கக்கா" என்று யோகேஸ்வரி சொன்ன பிறகுதான் படியிறங்குவாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளுக்குள் ஏதோ ஒன்று காத்திருந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான், இல்லையா? ஒரு பின்னேரம் யோகேஸ்வரி, வயிறு நிறைந்திருக்கிறது, இன்றைக்கு வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தாள். வாசலில் நின்ற முகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

4

மாத்திரை போட்டும் பிறஷர் இறங்கவில்லை. கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்கள். அதன் பிறகும் இறங்கவில்லை. ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார்கள். போடுகிறேன் என்றாள். வேறு மருந்து ஏதும் எடுக்கிறாயா என்றும் கேட்டார்கள். இல்லை என்றாள்.

(அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். மருந்து என்றால் மாத்திரை, ஊசி, போத்தல் மருந்து. கசாயம் மருந்தல்ல, அது அடுப்படியில் சம்பலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்று. தேத்தண்ணி குடித்ததை யாராவது டொக்டரிடம் சொல்வார்களா?)

புஷ்பராஜுக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது. முதலிரண்டு கிழமை, மாத்திரை பிள்ளைக்குக் கூடாது என்று பயந்து யோகேஸ்வரி அதை ஒளித்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியும். கடையில் வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்தே சாறி விற்கிறவன் அவன். வீட்டிலும் கோபம் பகிடியாகத்தான் வரும்.

"ஏய், மாத்தரய சன்னல் வழியா வீசுறியா? கீழ ஒழுங்கையில சுத்துற பூனைக்கு இப்ப பிறஷரே இருக்காது."

"சாமி சத்தியமா போடுறேங்க."

"அப்ப பூனையோட பிறஷரத்தான் நீ கடன் வாங்குறியோ?"

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. ஜிந்துப்பிட்டி முருகனை வைத்துச் சத்தியம் செய்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். பகிடி எல்லை தாண்டிவிட்டது என்று அவனுக்கு விளங்கியது. கொறற்றி கீழிருந்து கேட்டுவிட்டு மேலே வந்தாள். இனி ஒவ்வொரு மாத்திரையையும் தன் கண்முன்னால் போடட்டும், தானே சாட்சி என்றாள். அன்றிலிருந்து யோகேஸ்வரி அவளுக்கு முன்னால் மாத்திரையை விழுங்கினாள். மாத்திரையின் கசப்புப் போகட்டும் என்று கொறற்றி உடனே தம்ளரை நீட்டினாள்.

(இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

5

தீபாவளி நெருங்க வெள்ளவத்தைக் கடைகளில் நிற்க இடமில்லை. கூட வேலை செய்யும் சயந்தன் காய்ச்சலில் விழுந்ததால், அவனுடைய முறையையும் புஷ்பராஜ் பார்த்தான். அதில் வரும் காசு பிள்ளைக்குத் தொட்டில் வாங்க உதவும் என்று யோகேஸ்வரியிடம் சொல்லியிருந்தான். நாலாம் நாள் அவனுக்கும் மேல் கொதித்தது. தனியே வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தான். ஆனாலும் ஓர் அறை வீட்டில் இருமல் எங்கே போகும்? இரண்டு நாளில் யோகேஸ்வரிக்கும் காய்ச்சல் வந்தது.

அடிக்குறிப்பு போல ஒன்று: இரண்டு நோய் ஒரே உடம்பில் இருக்கும்போது ஒன்று மற்றதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். தலையிடித்தது, காய்ச்சலால் என்றார்கள். முகம் வீங்கியது, பிள்ளைத்தாச்சி என்றால் வீங்கும்தானே என்றார்கள். மூச்சு வாங்கியது, மாடிப்படி என்றார்கள். ஒவ்வொரு விளக்கமும் பொருத்தமாக இருந்தது. அதனால் யாரும் பயப்படவில்லை. கொறற்றி மட்டும், வழக்கமான இரண்டு வேளையோடு மத்தியானமும் ஒரு தம்ளர் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, கசாயத்தோடு மேலே போனாள். யோகேஸ்வரி கட்டிலில் இருந்து, கையால் எதையோ விலக்குவதுபோல் முகத்துக்கு முன்னால் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ள, நுளம்பே?"

"இல்லக்கா. கண்ணுக்கு முன்னால மின்னி மின்னி வருது. உங்க முகம் பாதிதான் தெரியுது." பிறகு நெஞ்சுக்குக் கீழே, வலப்பக்கம் கைவைத்து, "இந்த இடத்துல யாரோ குத்துற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

கொறற்றி தம்ளரைக் கீழே வைத்தாள். எது என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இது வெறும் தடிமன் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. பாயில் கிடந்த புஷ்பராஜை எழுப்பினாள். ஓட்டோவில் யோகேஸ்வரியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "மல்லி, இக்மன்ட, இக்மன்ட" என்று சிங்களத்தில் சாரதியை அவசரப்படுத்தினாள். இடையிடையே மாதாவிடம் மங்கள வார்த்தை செபம் சொன்னாள். யோகேஸ்வரி முருகா முருகா என்றாள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும் என்பது என் நம்பிக்கை.

6

ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து இன்ஃபுளுவென்சா என்றார்கள். நெஞ்சில் சளி இறங்கியிருந்தது. பிறஷர் கேட்கவே பயமான இடத்தில் நின்றது. வலிப்பு வராமலிருக்க மருந்து ஏற்றி, ஒட்சிசன் வைத்து, தொற்றுக்காகத் தனியறையில் விட்டார்கள். யாரும் உள்ளே போக முடியாது. பிள்ளைக்கு முப்பத்துமூன்று கிழமை. இன்னும் கொஞ்சம் முற்ற வேண்டும். ஆனால் தாய் தாங்க வேண்டும்.

பின்னேரம் டொக்டர் ஷிஹாரா வெளியே வந்தார். இளம் டொக்டர், தலையை மூடிய சால்வைக்கு மேல் முகக்கவசம். புஷ்பராஜ் சற்றுத் தள்ளித் தனியாக இருமிக்கொண்டிருந்ததால் கொறற்றியிடம் வந்தார்.

"ஆன்ட்டி, இவங்கட ரத்தத்தில பொட்டாசியம் நல்லா கொறஞ்சிரிக்கி. எனக்கு ஒரு யோசன. வெல்மீ, அதிமதுரம், அப்பிடி ஏதாச்சும் குடிக்கிறவங்களா?"

இந்த இடத்தில் நான் நாலு நாள் நின்றேன்.

முதலில் எழுதியது: "கொறற்றி தலையை ஆட்டினாள். இல்லை டொக்டர், ஒன்றுமில்லை…" அவளுக்கு அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. கேள்வி எதற்கென்று விளங்கிவிட்டது. ஒழுங்கை முழுவதும் தெரியவரும். புஷ்பராஜ் நாலடி தள்ளித்தான் இருக்கிறான். எழுதிய வாக்கியத்தைத் திரும்ப வாசித்தேன். உள்ளே படுத்திருக்கிறவளுக்கு அந்த 'இல்லை' என்ன செய்யும் என்று யோசித்தேன். டொக்டர் இருட்டில் தடவிக்கொண்டிருப்பார். பொட்டலத்தில் இன்னும் வேர் மீதி இருக்கிறது; யோகேஸ்வரி பிழைத்து வீட்டுக்கு வந்தால், மறுபடியும்…

அந்தக் கொறற்றியை எனக்குத் தெரியாது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

"ஓம் டொக்டர்" என்றாள் கொறற்றி. "நான்தான் குடுத்தனான். காலமையும் பின்னேரமும். இந்த ஒரு கிழமையா மத்தியானமும். சீனி போடக்கூடாதெண்டு வெல்மீயைக் கூடப் போட்டனான்."

டொக்டர் கையிலிருந்த தாளில் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதாலதான் எல்லாம் வந்ததுண்டு சொல்ல ஏலாது ஆன்ட்டி. பிறஷர் முந்தியே இரிக்கி, காய்ச்சலும் சேந்திரிக்கி. ஆனா இது கூட்டித்தான் இரிக்கும். நீங்க சொன்னது நல்லம். இப்ப எப்பிடிப் பாக்கிறதுண்டு எங்களுக்கு வெளங்கும். ஏலுமெண்டா பிள்ளைட நெஞ்சு முத்துறதுக்கு ஊசி போட்டு, ரெண்டு நாள் இழுத்துப் பாப்பம்." எழும்பியவர் திரும்பிச் சொன்னார்: "அவங்களுக்கு இத இப்ப சொல்ல வாணாம். மனசு குழம்பினா பிறஷரும் ஏறும்."

அவர் போன பிறகு கொறற்றி புஷ்பராஜைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. எழும்பி வெளியே வளவுக்குப் போய்விட்டான்.

7

இனி முடிவு.

(அ) பிள்ளை சுகமாகப் பிறக்கிறது, பெயர் கொறற்றியின் விருப்பப்படி. எழுதிப் பார்த்தேன். செய்த பிழை ஒன்றுமேயில்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது.

(ஆ) பிள்ளை போய்விடுகிறது. அன்பாகக் கொடுத்த கைக்கு ஆண்டவர் ஒரு பச்சைப் பிள்ளையைக் கொண்டு தண்டனை கொடுத்தார் என்று ஆகிவிடும். நான் கும்பிடுகிறவர் அப்படிப்பட்டவர் அல்ல.

(இ) கொறற்றி இனி யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று…

மூன்றாவதை முடிக்கவேயில்லை. அதுதான் மூன்றிலும் பெரிய சாவு. அன்பாயிருந்ததல்ல அவள் பிழை, கேட்காமல் கொடுத்ததுதான். கேட்டுக் கொடுக்கப் பழகலாம். கொடுக்காமலிருக்கப் பழகினால் ஒழுங்கையில் யார் மிஞ்சுவார்?

ஆகவே பிள்ளையின் முடிவை எழுதும் உரிமை எனக்கில்லை என்று விட்டுவிடுகிறேன். நாளைக் காலையில் ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுக்கப்போகிறார்கள். அது டொக்டர் ஷிஹாராவின் கையிலும் அவருக்கு மேலுள்ள கையிலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தின பின்னேரம் மட்டும்தான்.

8

இரண்டு நாள் இழுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரி வளவில், மரத்தைச் சுற்றிக் கட்டிய சீமெந்து வாங்கில் புஷ்பராஜ் இருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது; முகக்கவசம் போட்டிருந்தான். கொறற்றி வந்து தள்ளி நின்றாள். சற்று நேரம் கழித்து அவன் நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருங்கக்கா" என்றான். அவள் இருந்தாள். தரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "காய்ச்சல நான்தானே கொண்டாந்தேன். யாரு யாரப் பேசுறது?"

அவள் அழுதாள். அழட்டும் என்று அவன் விட்டான். பிறகு, கொறற்றி அக்கா அழுதால் நாளைக்குத் தைக்கிற சட்டையெல்லாம் சுருங்கிப் போய்விடும் என்று ஏதோ ஒரு பகிடி சொன்னான். நல்ல பகிடி இல்லை. ஆனாலும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது அவனுடைய போன் அடித்தது. உள்ளே ஒரு நர்ஸ் மிஸி இரக்கப்பட்டு, யோகேஸ்வரியின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தாள். ஒட்சிசன் மூடியைக் கொஞ்சம் விலக்கியிருந்தார்கள். முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. புஷ்பராஜ் கதைத்தான்: பயப்படாதே, நாளைக்கு நான் வாசலிலேயே நிற்பேன் என்றான். அக்கா எங்கே என்று அவள் கேட்டாள். அவன் போனைக் கொறற்றி பக்கம் திருப்பினான்.

"அக்கா." மூச்சு எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது. "எல்லாம் என்னாலதாங்கக்கா. அந்த ரெண்டு வாரம் மாத்தரய ஒழுங்கா போட்டிருந்தா பிறஷர் இப்பிடி ஏறியிருக்காது. படுத்துக்கிட்டு அதத்தான் நெனச்சிக்கிட்டே கெடக்கேன். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நான்தான் காரணம்."

கொறற்றி போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"இங்க தர்ற தண்ணி தொண்டைக்குள்ள எறங்கவே மாட்டேங்குது" என்றாள் யோகேஸ்வரி. "நாளைக்கு அவுங்க விட்டாங்கன்னா, உங்க கசாயம் ஒரு வாய் கொண்டாறீங்களா?"

டொக்டர் இப்போது சொல்ல வேண்டாம் என்றார். பிறஷர் ஏறும் என்றார். சொல்லாவிட்டால், தன்னுடையது அல்லாத குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவள் நாளைக் காலை மேசையில் படுப்பாள். அந்தச் சுமையில் பிறஷர் ஏறாதா? பிறகு சொல்லலாம் என்றால், பிறகு என்ற ஒன்று இருக்குமா? நான் மூன்று பதில் எழுதினேன். ஒன்று உண்மையாக இருந்தது, கனிவாக இல்லை. ஒன்று கனிவாக இருந்தது, உண்மையாக இல்லை. மூன்றாவது இரண்டுமாக இருக்கப் பார்த்து, பிரசங்கம் ஆகிவிட்டது. மூச்சுத் திணறுகிற பெண்ணுக்கு யாரும் பிரசங்கம் வைக்கக்கூடாது.

நீங்கள் இவ்வளவு தூரம் கொறற்றியோடு வந்திருக்கிறீர்கள். அவளை எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். ஒரு சின்ன வசனம் போதும், அவள் வாயில் வரக்கூடியதாக. போனைப் புஷ்பராஜ்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவனும் இன்னும் தேறவில்லை. அவன் கை சோர்வதற்குள் சொல்லுங்கள்.